முறிந்த ஷாஃப்ட்டின் முகம்

2012 கோடையில் ஒரு மத்தியானம், மேல்விஷாரத்திலிருந்து ஒரு மினி லாரி எங்கள் பட்டறை வாசலில் வந்து நின்றது. சாக்கில் சுற்றிய கனமான ஒன்றை இரண்டு பேர் பிடித்து இறக்கினார்கள். நைனா லேத்தை நிறுத்திவிட்டு வந்தார். சாக்கைப் பிரித்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நாலு மாதத்துக்கு முன்னால் நான் கணக்குப் போட்டு, நைனா கடைந்து, இரண்டு பேருமாகக் கொண்டுபோய் மாட்டிவிட்டு வந்த ஷாஃப்ட், சுழற்சியைக் கடத்தும் இரும்புத் தண்டு. இரண்டு துண்டாகக் கிடந்தது.

பட்டறை ராணிப்பேட்டை முத்துக்கடைக்குப் பக்கத்தில். 2019-லிருந்து ராணிப்பேட்டை தனி மாவட்டம். அப்போது வேலூர் மாவட்டம். நைனாவின் வயதுக்காரர்களுக்கு இன்றைக்கும் வட ஆற்காடுதான். ஒரு பக்கம் பெல் (பி.எச்.இ.எல்.) தொழிற்சாலையை நம்பி வளர்ந்த ஃபேப்ரிகேஷன் பட்டறைகள், இன்னொரு பக்கம் தோல் ஷாப்புகள். எங்களுக்கு வரும் வேலையில் பாதி டிரம் வேலை. தோல் பதனிடும் டிரம்மைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: ஆளைவிட உயரமான மரப் பீப்பாயைப் படுக்கப் போட்டு, உள்ளே தோலும் தண்ணீரும் மருந்தும் நிரப்பி, மெதுவாகச் சுற்ற விடுவார்கள். உள்சுவரில் இருக்கும் மர முளைகள் தோலைத் தூக்கிக்கொண்டுபோய் மேலிருந்து கீழே போடும். மணிக்கணக்கில் இது நடக்க வேண்டும். நடுவில் நின்றால் மருந்து ஒரு இடத்தில் ஏறி, இன்னொரு இடத்தில் ஏறாமல் தோல் கெட்டுப்போகும்.

அந்த டிரம்முக்கு 20 எச்.பி. மோட்டார், அதாவது 15 கிலோவாட். மோட்டார் நிமிடத்துக்கு 1440 சுற்று ஓடும். வி-பெல்ட் வழியாக அது கவுன்டர் ஷாஃப்ட்டில், அதாவது மோட்டாருக்கும் டிரம்முக்கும் நடுவில் இருக்கும் தண்டில், 360 சுற்றாகக் குறையும். பிறகு இன்னும் இரண்டு இடத்தில் கியர் குறைத்து, டிரம் நிமிடத்துக்கு 8 சுற்று போகும். முறிந்தது இந்தக் கவுன்டர் ஷாஃப்ட்.

முதல் கணக்கை இங்கே முழுதாகச் சொல்லிவிடுகிறேன். கணக்கில் தப்பில்லை. தப்பு வேறு இடத்தில் இருந்தது.

முறுக்கு விசையைக் கண்டுபிடிக்கப் பாலிடெக்னிக்கில் எல்லோருக்கும் ஒரு எண் மனப்பாடம்: 9550. கிலோவாட்டை அதால் பெருக்கி, நிமிடச் சுற்றால் வகுத்தால் நியூட்டன் மீட்டரில் விடை வரும். (60,000-ஐ 2π-ஆல் வகுத்தால் வருவதுதான் அந்த 9550. அதில் வேறு மர்மம் எதுவும் கிடையாது.) மோட்டார் ஷாஃப்ட்டில் 9550 × 15 ÷ 1440, கிட்டத்தட்ட 100 நியூட்டன் மீட்டர். கவுன்டர் ஷாஃப்ட்டில் வேகம் நாலில் ஒன்று, அதனால் முறுக்கு நாலு மடங்கு, கிட்டத்தட்ட 400. டிரம்மிடம் போய்ச் சேரும்போது தேய்மானத்தைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் 17,900. சக்தி அதேதான். வேகம் குறையக் குறைய முறுக்கு ஏறிக்கொண்டே போகும். புதிதாக வேலைக்கு வரும் பையன்கள் மோட்டார் பக்கம் இருக்கும் ஷாஃப்ட்டுக்குத்தான் பாரம் அதிகம் என்று நினைப்பார்கள். மெதுவாகச் சுற்றுகிற ஷாஃப்ட்தான் அதிகம் தாங்குகிறது.

அடுத்தது ஷாஃப்ட்டின் மேல்தோலில் எவ்வளவு ஷியர் ஸ்ட்ரெஸ், அதாவது வெட்டுகிற விசையின் அழுத்தம், வருகிறது என்பது. முறுக்கு விசையை 16-ஆல் பெருக்கி, π பெருக்கல் விட்டத்தின் கனத்தால் (விட்டம் × விட்டம் × விட்டம்) வகுக்க வேண்டும். அந்த விட்டத்தின் கனம்தான் இங்கே ராஜா. விட்டத்தை இரண்டு மடங்காக்கினால் பலம் எட்டு மடங்கு. 45-ஐ 50 ஆக்கினாலே 37 சதவீதம் கூடிவிடும். ஈர வேட்டியைப் பிழியும்போது வெளிச்சுற்று இறுகி நடுவில் தொளதொளவென்று இருக்குமே, ஷாஃப்ட்டும் ஏறக்குறைய அப்படித்தான். நட்ட நடுவில் ஸ்ட்ரெஸ் பூஜ்யம், மேல்தோலில் உச்சம். விட்டத்தில் பாதி அளவுக்கு நடுவில் ஓட்டை போட்டு எடுத்துவிட்டால் எடையில் கால்வாசி போய்விடும், ஆனால் முறுக்கத்தைத் தாங்கும் பலத்தில் பதினாறில் ஒரு பங்குதான் குறையும். இதைப் படித்த அன்றைக்கு மூங்கிலை நான் வேறு கண்ணோடு பார்த்தேன்.

சரி, முதல் ஷாஃப்ட் கதைக்கு வருகிறேன். அது முழு நீளத்துக்கும் 45 மில்லிமீட்டர், ஈஎன் 8 என்ற நடுத்தரக் கார்பன் இரும்பு. பதினோரு வருடம் ஓடியிருந்தது. 2012 ஜனவரியில் முறிந்தது. 400 நியூட்டன் மீட்டருக்கு 45 மில்லிமீட்டர் ஷாஃப்ட்டில் வரும் ஸ்ட்ரெஸ் 22 மெகாபாஸ்கல். கீவே, அதாவது புல்லியைப் பூட்டும் கீ என்ற இரும்புக் கட்டை உட்காரும் பள்ளம், உள்ள ஷாஃப்ட்டுக்கு, சாதாரண இரும்பென்றால் 42 வரை போகலாம் என்பது அமெரிக்க இன்ஜினியர்கள் சங்கமான ஏ.எஸ்.எம்.இ.-யின் பழைய விதி. எங்கள் பாடப் புத்தகத்திலும் அதுவே இருந்தது. ஈஎன் 8 அதைவிடக் கெட்டி. அப்புறம் ஏன் முறிந்தது? பதினோரு வருடம் உழைத்த கிழ ஷாஃப்ட், காலம் முடிந்துவிட்டது என்று நானே ஒரு பதிலைச் சொல்லிக்கொண்டேன். முறிந்த துண்டுகள் இரண்டும் லாரியில் ஒன்றோடொன்று மோதி உரசிக்கொண்டே வந்ததில் முறிந்த இடம் பளபளவென்று மழுங்கியிருந்தது. அதில் பார்க்க ஒன்றும் மிச்சமில்லை, நானும் பார்க்கவில்லை. 50 மில்லிமீட்டரில் புதிதாகப் போட்டுவிடலாம், 37 சதவீதம் கூடுதல் என்று நைனாவிடம் சொன்னேன். பேரிங் வீடு (பேரிங்கைப் பிடித்திருக்கும் கூடு) பழையதே இருக்கட்டும் என்றார் தோல் ஷாப்காரர். அதனால் பேரிங் உட்காரும் இடத்தில் 45, புல்லி உட்காரும் இடத்தில் 50 என்று படி விட்டுக் கடைந்தோம். புல்லியின் துளையையும் 50-க்குப் பெரிதாக்கிக் கொடுத்தோம்.

அதுதான் நாலு மாதத்தில் திரும்பி வந்தது. பதினோரு வருடம் தாங்கியதைவிடத் தடிமனானது நாலே மாதம்.

இந்த முறை துண்டுகள் உரசாமல் வந்திருந்தன. லாரிக்காரர் தனித்தனிச் சாக்கில் கட்டியிருந்தது எங்கள் அதிர்ஷ்டம். நைனா ஒரு துண்டை எடுத்து வாசல் வெளிச்சத்துக்குத் திருப்பினார். “படிச்சவன்தானே, இதைப் பாரு மொதல்ல” என்றார்.

முறிந்த முகம் நேராக இல்லை. ஒரு மூலையில் கிளம்பி, ஷாஃப்ட்டைச் சுற்றிச் சரிவாக ஏறிப் போயிருந்தது. பெரும்பகுதி வழவழப்பு. அந்த வழவழப்பில் வரி வரியாக, ஒன்றுக்கு வெளியே ஒன்றாக வளைவுகள். மறு ஓரத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவு இடம் மட்டும் சொரசொரப்பாக, உப்புக்கல்லை உடைத்த மாதிரி. ஆற்காட்டுப் பாலத்தில் போகிறவர்களுக்கு அந்த வரிகள் தெரியும். பாலாற்றில் தண்ணீர் வடிந்தபின் மணல் மேல் அலை விட்டுப்போன கோடுகள் எப்படி இருக்குமோ, அப்படி. ஒவ்வொரு வரியும் விரிசல் வளர்ந்த வழியில் ஒரு நேரம் நின்ற இடம். அந்த ஷாஃப்ட் ஒரே நாளில் முறியவில்லை. வாரக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாக அறுந்துகொண்டே வந்து, கடைசியில் நாணயம் அளவு இரும்பு மட்டும் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. அதுவும் விட்டபோதுதான் சத்தம் கேட்டிருக்கிறது. அவ்வளவு சின்ன இடம் கடைசி வரை தாங்கியது என்றால் சாதாரண ஓட்டத்தின் பாரம் அதிகமில்லை என்றும் அர்த்தம். ஷாஃப்ட் மெலிசு என்பது இதில் காரணமே இல்லை.

சரிவு ஏன் என்று புரிய ஒரு சாக்பீஸ் போதும். இரண்டு முனையையும் பிடித்து, வளைக்காமல் முறுக்கிப் பாருங்கள். குறுக்காக நேராக உடையாது. 45 டிகிரியில் திருகாணி மாதிரி சுற்றி உடையும். முறுக்கும்போது குறுக்கிலும் நெடுக்கிலும் வெட்டுகிற விசை உச்சம், 45 டிகிரிச் சாய்வில் இழுக்கிற விசை உச்சம். சாக்பீஸ் இழுவைக்குப் பலவீனம், அதனால் சாய்வில் பிளக்கிறது. மெல்லிய இரும்புக் கம்பியைச் சோதனை மெஷினில் மாட்டி ஒரே மூச்சில் முறுக்கினால் அது பல சுற்று சுற்றிவிட்டு, கத்தியால் வெட்டிய மாதிரி குறுக்கே நேராக முறியும். இரும்பு வெட்டுக்குத்தான் பலவீனம். ஆனால் அதே இரும்பு முன்னும் பின்னும் முறுக்கப்பட்டு, ஒரு கூர் மூலையில் விரிசல் விட்டுக் களைத்து முறியும்போது, பெரும்பாலும் சாக்பீஸ் மாதிரிச் சாய்வாகப் போகும். எங்கள் துண்டு அப்படித்தான் போயிருந்தது. முறுக்கத்தால் வந்த களைப்பு என்று அந்தச் சரிவே எழுதி வைத்திருந்தது.

விரிசல் கிளம்பிய இடத்தை நைனா நகத்தால் தொட்டுக் காட்டினார். கீவே முடிகிற மூலை. 14 மில்லிமீட்டர் அகல கீவே, எண்ட்மில் கட்டரால் ஓட்டியது, அடிமூலை கூராக. அது சரியாக 50 லிருந்து 45-க்கு இறங்கும் படியின் காலடி வரை போய் நின்றிருந்தது. படியின் மூலையும் பார்ட்டிங் டூலால் வெட்டியது, அதுவும் கூர். இரண்டு கூர் மூலைகள் ஒரே இடத்தில் சந்தித்துக்கொண்டன.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. 50 ஆக்கினேன் என்று நான் பெருமைப்பட்ட ஷாஃப்ட், பேரிங் பக்கத்தில் 45 ஆகவே இருந்தது. அங்கே ஸ்ட்ரெஸ் பழைய 22-தான், ஒரு புள்ளிகூடக் குறையவில்லை. போதாததற்கு, பழைய ஷாஃப்ட்டில் இல்லாத ஒரு படியை நானே புதிதாக உண்டாக்கி வைத்திருந்தேன். ஷாஃப்ட்டுக்குள் ஓடும் விசையைத் தண்ணீர் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். வாய்க்கால் சீராகக் குறுகினால் தண்ணீர் சுழியில்லாமல் போகும். சட்டென்று குறுகினால் மூலையில் சுழித்து மண்ணை அரிக்கும். 22 என்று ஃபார்முலா சொல்வது மொத்தத்துக்கான எண். கூர் மூலையின் நுனியில் அது இரண்டு மடங்கோ அதற்கு மேலோ ஏறி நிற்கும்.

அப்படியே ஏறினாலும் 22 எங்கே, ஈஎன் 8 எங்கே? இன்னும் ஏதோ இருக்கிறது என்று மறுநாள் மேல்விஷாரம் போனேன். டிரம் ஓட்டுகிற பாய் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். முப்பது வருடமாக டிரம்மோடு இருக்கிறவர். “இன்னா தம்பி, மறுபடியும் ஒடஞ்சிடுச்சே” என்றார். எப்போது எப்போது நிறுத்துவீர்கள், எப்படிக் கிளப்புவீர்கள் என்று கேட்டேன்.

2012-ல் தமிழ்நாட்டில் இருந்தவர்களுக்கு அந்த மின்வெட்டு மறந்திருக்காது. ஒரு நாளைக்கு எத்தனை தரம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாத காலம். கரண்ட் போனதும் ஜெனரேட்டரைக் கிளப்பி, உடனே டிரம்மையும் கிளப்பிவிடுவார்கள். கரண்ட் வந்ததும் மறுபடி நிறுத்தி மாற்றுவார்கள். தோல் காத்திருக்காது இல்லையா. நான் நின்றுகொண்டிருக்கும்போதே கரண்ட் போனது. மோட்டார் ஓய்ந்தது. டிரம் ஓயவில்லை. உள்ளே தோலும் தண்ணீரும் ஒரு பக்கமாக ஏறி நின்றிருந்த பாரம் கீழே இறங்கப் பார்த்தது. டிரம் பின்னால் உருண்டது. பிறகு முன்னால், மறுபடி பின்னால். ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. ஜெனரேட்டர் சத்தம் கேட்டதும் பாய் பட்டனை அமுக்கினார். டிரம் அப்போது பின்பக்கம் போய்க்கொண்டிருந்தது.

டங் என்று ஒரு சத்தம். கியர் பல்லும் கீயும் ஒன்றாக அடிபட்ட சத்தம். கால் வைத்திருந்த தரையில் அதை உணர்ந்தேன்.

“எப்பவும் இப்படித்தான் சத்தம் வருமா பாய்?”

“முன்னெல்லாம் வராது தம்பி. முன்னெல்லாம் காலையில ஒரு தடவை போடுவோம், சாயங்காலம் நிறுத்துவோம். இப்ப ஒரு வருஷமாத்தான் இப்படி.”

நேரடியாக லைனில் போடும் டி.ஓ.எல். ஸ்டார்ட்டர் அது. அப்படிக் கிளப்பும்போது மோட்டார் தன் முழுப் பார முறுக்கைப் போல இரண்டு, இரண்டரை மடங்கு தள்ளும். 22 உடனே 50 வாக்கில் ஏறிவிடும். அதன் மேல், எதிர்ப்பக்கம் உருண்டு வரும் டன் கணக்கான பாரத்தை நிறுத்தித் திருப்புகிற அடி. கீ கொஞ்சம் ஆட்டம் கொடுத்திருந்தால் அது சுத்தியல் அடியே. எங்கள் புத்தகத்திலேயே அதற்கு ஒரு பெருக்கெண் உண்டு: கடுமையான அதிர்ச்சி வரும் இடத்தில் முறுக்கை 1.5 முதல் 3 வரை பெருக்கிக்கொள் என்று. பெல்ட் இழுப்பால் வரும் வளைவையும் முறுக்கையும் தனித்தனியே வர்க்கமாக்கிக் கூட்டி மூலம் எடுக்கச் சொல்லும் சூத்திரமும் அதே பக்கத்தில் இருக்கிறது. நான் ஓடுகிற ஷாஃப்ட்டுக்குத்தான் கணக்குப் போட்டிருந்தேன். கிளம்புகிற ஷாஃப்ட்டுக்குப் போடவில்லை. போதாததற்கு, அந்த டிரம்மை டைமர் வைத்து முன்னும் பின்னும் மாறி மாறிச் சுற்ற விடுவார்கள். ஒவ்வொரு அடியும் மூலையில் விரிசலைத் தொடங்கி வைத்தது, ஒவ்வொரு திருப்பமும் அதை மறுபக்கம் இழுத்து வளர்த்தது. முதல் ஷாஃப்ட் பதினோராவது வருடத்தில் ஏன் திடீரென்று முறிந்தது என்பதற்கும் பதில் இதுவே. வயது காரணமில்லை. அந்த ஒரு வருட மின்வெட்டு.

மூன்றாவது ஷாஃப்ட்டை வேறு மாதிரிச் செய்தோம். பேரிங் வீட்டை மாற்றியே ஆக வேண்டும் என்று தோல் ஷாப்காரரிடம் சொன்னேன். ஒப்புக்கொண்டார். பேரிங் இடம் 50, புல்லி இடம் 60. இப்போது உண்மையிலேயே பாரம் வாங்கும் இடத்தில் ஸ்ட்ரெஸ் 16-க்கு இறங்கியது. படி மூலையில் 3 மில்லிமீட்டர் ரேடியஸ். இதில் ஒரு சிக்கல் உண்டு. பேரிங்கின் உள்வளைய மூலையில் இருக்கும் வளைவு அதைவிடச் சின்னது, அதனால் பேரிங் தோளில், அதாவது படியின் சுவரில், போய் ஒட்டாது, ரேடியஸ் மேலேயே ஏறி நின்றுவிடும். பல பேர் இதற்குப் பயந்துதான் மூலையைக் கூராக வெட்டிவிடுகிறார்கள். உள்விளிம்பைச் சரித்த ஒரு வளையத்தை நடுவில் போட்டோம், பேரிங் அதன் மேல் நிம்மதியாக உட்கார்ந்தது.

கீவேயைப் படியிலிருந்து 15 மில்லிமீட்டர் தள்ளியே நிறுத்தினோம். கட்டரின் முனையை லேசாக உருட்டிக்கொண்டு அடிமூலையையும் வளைவாக விட்டோம். கீயின் விளிம்புகளை அதற்கேற்றபடி அரம் போட்டோம். கீ தட்டி இறக்கும் அளவுக்கு இறுக்கம், ஆட்டமே இல்லாமல்.

அன்றைக்கு நைனா டூல் தீட்டியது இன்னும் கண்ணில் நிற்கிறது. சாணைக்கல்லில் டூலின் மூக்கை வைத்து, மணிக்கட்டை மட்டும் அசைத்து உருட்டினார். ரேடியஸ் கேஜை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பார். கோடு மாதிரி வெளிச்சம் தெரிந்தால் மறுபடி கல்லுக்குப் போவார். நாலு தடவை போனார். கடைசி வெட்டில் சுருள் நீலமாக, அறுபடாமல் வந்தது. பிறகு எம்ரி துணியால் அந்த வளைவை மட்டும் கால் மணி நேரம் தேய்த்தார், டூல் விட்டுப்போன மெல்லிய கோடுகூட இருக்கக் கூடாது என்று. “அந்தக் கோட்டுலதான்டா விரிசல் குந்தும்” என்றார். அவர் எட்டாவதுக்கு மேல் படிக்கவில்லை.

1842-ல் பாரிஸ் பக்கம் ஒரு ரயில் இன்ஜினின் அச்சு முறிந்து ஐம்பது பேருக்கு மேல் செத்துப்போனார்கள். நன்றாக ஓடிய அச்சு ஏன் சொல்லாமல் முறிகிறது என்று ஐரோப்பாவே மண்டையை உடைத்துக்கொண்டது. ராங்கின் என்ற ஸ்காட்லாந்து இன்ஜினியர், அப்போது இருபது வயதைக் கொஞ்சம் தாண்டிய இளைஞர், முறிந்த அச்சுகளைப் பார்த்துவிட்டு, விரிசல் தோள் மூலையில் தொடங்கி உள்ளே வளர்கிறது, அந்த மூலையைக் கூராக விடாமல் வளைவாகக் கடையுங்கள் என்று எழுதினார். ராயபுரத்திலிருந்து நம்ம வாலாஜா ரோட்டுக்கு முதல் ரயில் வந்தது 1856-ல். எங்கள் பட்டறைக்குச் சில கிலோமீட்டர் தூரத்தில் அந்த ரயில் வந்து நின்றபோதே மூலையை வளைவாக விட வேண்டும் என்பது எழுத்தில் இருந்தது. நைனாவுக்கு அதைக் கையோடு சொல்லிக் கொடுத்தவர் அவருடைய மேஸ்திரி.

கெட்டி இரும்பில் போட்டிருக்கலாமே என்று பின்னாளில் சிலர் கேட்டார்கள். கெட்டி இரும்பு கூர் மூலைக்கு இன்னும் அதிகமாகப் பயப்படும். அதோடு, ஷாஃப்ட் எவ்வளவு முறுகிக்கொடுக்கும் என்பது இரும்பின் கெட்டியைப் பொறுத்ததும் அல்ல. விலை குறைந்த இரும்போ விலை கூடிய இரும்போ, அந்தக் குணம் ஏறக்குறைய ஒரே அளவு, 80 ஜிகாபாஸ்கல். முறுகலைக் குறைக்க வேண்டுமென்றால் நீளத்தைக் குறை, இல்லை விட்டத்தைக் கூட்டு.

ஸ்டார்ட்டரைப் பற்றியும் பேசினோம். மோட்டாரை முதலில் குறைந்த மின்னழுத்தத்தில் கிளப்பும் ஸ்டார்-டெல்டா போட்டால் கிளம்பும் முறுக்கு மூன்றில் ஒன்றாகக் குறையும், ஆனால் பாரத்தோடு நிற்கும் டிரம்மை அதால் தூக்க முடியாது. எண்ணெய் வழியாக மெதுவாக இழுவை கொடுக்கும் ஃப்ளூயிட் கப்ளிங் நல்லது, அப்போது கையில் காசில்லை. ஸ்டார்ட்டரில் ஒரு சின்ன டைமரைச் சேர்த்தோம். மோட்டார் நின்றால் 90 விநாடிக்கு மறுபடி கிளம்பாது. அதற்குள் டிரம் ஆடி அடங்கிவிடும். பாய்க்கு முதலில் அந்த 90 விநாடி பிடிக்கவில்லை. தோலுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று ஒரு வாரம் பார்த்துவிட்டுச் சமாதானம் ஆனார்.

அந்த ஷாஃப்ட் இன்னும் ஓடுகிறது. பேரிங் இரண்டு தரம் மாற்றியாகிவிட்டது. ஒவ்வொரு தரம் கழற்றும்போதும் அந்த மூலையைத் துடைத்து, மண்ணெண்ணெய் தடவி, சாக்பீஸ் பொடியைப் பூசிப் பார்க்கிறேன். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் பொடியில் கோடாக ஊறி வெளியே வரும். இதுவரை வரவில்லை.

போன வாரம் ஆரணிப் பக்கத்து ரைஸ் மில்லிலிருந்து ஒருவர் போன் செய்தார். எலிவேட்டர் ஷாஃப்ட் முறிந்துவிட்டதாம், இரண்டு சைஸ் பெரிதாகப் போட்டுக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். போட்டுக் கொடுக்கிறேன், முதலில் முறிந்ததைக் கொண்டுவாருங்கள் என்றேன். இரண்டு துண்டையும் பொருத்திப் பார்க்கிறேன் என்று ஒன்றோடொன்று வைத்து உரசாதீர்கள், தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள், கொஞ்சம் எண்ணெய் தடவி, தனித்தனியாகப் பேப்பரில் சுற்றி எடுத்து வாருங்கள் என்றேன். ஒரு துண்டு ஏற்கெனவே பழைய இரும்புக்குப் போட்டாகிவிட்டது, போய்க் கேட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லி வைத்தார்.